நாலரை மணி நேரத் தூரம்

பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பெயரைப் பதிய தருமபுரி தாலுகா கச்சேரி வராந்தாவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். 1942, வைகாசி வெயில். இண்டூர்த் தீர்த்தம்மாள் ஊர் வந்து சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பாதத்தில் சுற்றியிருந்த துணியில் இன்னும் சீழ் கசிந்தது.

குமாஸ்தா பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பேனாவை மசியில் தோய்த்தார்.

"கப்பல்ல வந்தியா, ஏரோப்ளேன்லயா?"

"நடந்து வந்தேனுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. இருக்கறது ரெண்டுதான். கப்பல்னு போட்டுக்கறேன், ரேகைய வை."

மைத்தட்டு அவள் பக்கம் நகர்ந்தது. தீர்த்தம்மாள் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ஏரோப்ளேனை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரங்கூனுக்கு வெளியே விமானத் தளம் போட்டபோது ஜல்லி சுமந்தவர்களில் அவளும் அவள் புருஷன் நஞ்சப்பனும் உண்டு. ஜப்பான்காரன் குண்டு விழத் தொடங்கியதும் அந்த ஓடுபாதையிலிருந்துதான் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கல்கத்தாவுக்கு ஏறிப் போயின. அறுநூற்றைம்பது மைல், நாலரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம் என்று விமானத்துக்கு எண்ணெய் ஊற்றும் தெலுங்குக்காரர் சொன்னார். நஞ்சப்பன் போய் இடம் கேட்டான். கூலிகளுக்கு இடமில்லை என்று துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தள்ளினார்கள்.

மாந்தலே வரை ரயில். அதற்கப்புறம் காடும் மலையுமாக நடை. இருபத்தாறாம் நாள், டாமு என்ற ஊரைத் தாண்டிய ஒரு சரிவில், நஞ்சப்பனைக் காலரா கொண்டுபோனது. சோற்றுத்தட்டால் குழி தோண்டினாள். அரைக் குழிக்கு மேல் முடியவில்லை.

"கப்பல்னு எழுதுனா எம் புருசன் எங்க செத்தாருன்னு எழுதுவீங்க? கடல்லயா?" என்றாள்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "பின்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு. ரேகை இல்லன்னா பதிவு இல்ல. அரிசியும் கெடைக்காது, துணியும் கெடைக்காது."

"கெடைக்காட்டிப் போவுதுங்க. நாலரை மணி நேரத்துல பறந்து வர்றத நாப்பத்து மூணு நாளு நடந்திருக்கறேன். அத எழுதாத காயிதத்துல என் வெரலு படாது."

சொன்னவள் மேசைக்கு முன்னாலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சேவகன் வந்து தோளைப் பிடித்து இழுத்தான். அவள் மேசைக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மேசை ஆடி, மசி குமாஸ்தாவின் வேட்டியில் சிந்தியது.

"அவங்கள வுடுய்யா!" வரிசையிலிருந்து ஓர் ஆள் முன்னால் வந்தார். பொம்மிடிக் கொத்தனார் சவுரியப்பன். "நானும் அந்த வழிதாங்க வந்தேன். எனக்கும் கப்பல் வேண்டாம்."

"எனக்கும்" என்றது இன்னொரு குரல். அதற்கப்புறம் யாரும் மேசைக்கு வரவில்லை.

வெயில் வராந்தாவுக்குள் ஏறியது. குமாஸ்தா உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். ரூல்தடியை எடுத்தார். காகிதத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'கால்நடையாக' என்றும் கீழே அவள் சொன்னதையும் எழுதினார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தார். நாற்பத்து மூன்று நாள் இருந்தது. கணவர் நஞ்சப்பன், வழியில் மரணம் என்றும் இருந்தது.

"வழின்னா? டாமுவுக்கு இந்தப் பக்கம், மலைச் சரிவுலன்னு சேருங்க."

சேர்த்தார். அவள் ரேகை வைத்தாள். எழுந்து ஊருக்குக் கிளம்பவில்லை. அந்த மனுஷனை நம்ப முடியாது. தூணோரமாக உட்கார்ந்து, சவுரியப்பனுக்கும் அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் பேனா எந்தக் கட்டத்தில் இறங்குகிறது என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.