வெள்ளிக்கிழமைச் சோறு

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஜிப்பாவும் தொப்பியுமாக ஹாலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டில் யாராவது இப்படி உட்காருவார்களா? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூட இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்காருவான். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஒரு நாளுக்காக நான் எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்!

அவர் பெயர் கமாலுதீன். ஊருக்கெல்லாம் அஸ்ரத். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மதரஸாவில், மார்க்கக் கல்வியில் ஆலிம் பட்டத்துக்குப் படிக்க வரும் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறார், தங்கலும் அங்கேயேதான். நான் ராசிபுரத்தில் கணக்கு டீச்சர். மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, எனக்கு ஞாயிறு. வியாழன் சாயங்காலம் அவர் வரும்போது நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். வெள்ளி விடியற்காலையில் சோறாக்கி, ஹாட்பாக்ஸில் போட்டு மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவேன். அவர் மதியம் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தனியாகச் சாப்பிட்டு, அந்திநேர மஃரிப் தொழுகைக்குள் மதரஸாவில் இருக்கவேண்டும் என்று பஸ் ஏறிவிடுவார். நான் திரும்பி வந்தால் கழுவிக் கவிழ்த்த தட்டு மட்டும் இருக்கும். மகளைப் பெற்று வளர்த்து ஈரோட்டில் கட்டிக்கொடுத்ததெல்லாம் அந்த வியாழக்கிழமை ராத்திரிகளை வைத்துக்கொண்டுதான்.

"ஏனுங்க, லீவை மாத்தச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டால் வரலாற்றுப் பாடம் ஆரம்பித்துவிடும். பாக்தாத்தில் இருந்த பெரிய மதரஸா, லக்னோவில் ஒரு முல்லா வகுத்த பாடத்திட்டம், அதைப் படித்தவர்கள் வேலூர் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, தோல் வியாபாரி ஒருவர் தன் மண்டிக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு இவர்களுடைய மதரஸாவை ஆரம்பித்தது என்று வரிசையாகச் சொல்வார். ஆறுமாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"அன்னைலேர்ந்து வெள்ளிக்கெழமைதான் லீவு, சம்சாத்."

"பாக்தாத்துல அவங்க பொண்டாட்டிமாருக்கும் வெள்ளிக்கெழமைதானுங்க லீவு இருந்திருக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாக்தாத்தாலும் லக்னோவாலும் அசைக்கமுடியாததை இந்த வருஷம் ஒரு ஹைஸ்கூல் அசைத்துவிட்டது. பையன்கள் பத்தாம் வகுப்பும் எழுதட்டும் என்று மதரஸா கமிட்டி அவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. பகலில் பள்ளிக்கூடம், காலையும் மாலையும் அரபுப் பாடம். அதனால் விடுமுறையும் ஞாயிறாகிப்போனது. அவர் போனில் சொன்ன அன்றைக்கு நான் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தேன்.

ஆனால் பாருங்கள், என் ஞாயிற்றுக்கிழமை என்ன என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து, நைட்டியோடு, ஹாலில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பேன். மகளோடு போனில் வளவளவென்று பேசுவேன். பசித்தால் பழைய குழம்பு. யாரும் பார்க்காத நாள் அது. இப்போது நாற்காலியில் ஓர் அஸ்ரத் உட்கார்ந்திருக்கிறார். நான் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பிரியாணி செய்து, விருந்தாளிக்கு எடுக்கும் தட்டில் பரிமாறினேன். "நல்லா இருக்குது" என்றார். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்றேன். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கெழமை ஒரு கருப்புப் பூனை வரும். இப்பவும் வந்து பாத்துட்டுப் போவும், பாவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்கு ஒரு பூனை வருகிறது, அது எனக்கே தெரியாது!

சாயங்காலம் வரை இருப்பார் என்று நினைத்தேன். நாலு மணி அஸர் பாங்கு சொல்வதற்கு முன்பே பையை எடுத்துவிட்டார். "பசங்க வந்துருவாங்க. போய்ட்டு வாரேன்." எந்தப் பையனும் இருட்டுவதற்கு முன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்தியதும் முக்காட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் படுத்தேன். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானா நாங்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். ஆனாலும் வழக்கம்போல விடியற்காலையிலேயே சோறும் ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து, ஹாட்பாக்ஸில் போட்டு மூடினேன். பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பகலில் என் வீடு இவ்வளவு பெரிதா? பின் தெருவில் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜும்ஆ பாங்கு சொன்னபோது அதுவும் நின்றுவிட்டது. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது.

நான் மதியத் தொழுகையை முடித்துவிட்டு, நாற்காலியைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஹாட்பாக்ஸைத் திறந்தேன். மூடியிலிருந்து வேர்வைத் தண்ணீர் சொட்டிச் சோறெல்லாம் நசநசவென்று இருந்தது. பொரியலில் லேசாக ஒரு வாடை. தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது வாய் உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் "போன வாரம் சோறு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்பேன். ஒவ்வொரு வியாழனும் "நல்லா இருந்துச்சு" என்பார்.

ஜன்னலில் அந்தப் பூனை வந்து நின்றது. என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் பார்த்தது, அங்கேயே நின்றுகொண்டது. சோற்றை உருட்டி நீட்டினேன். வரவில்லை.

அவருக்குப் போன் போட்டேன்.

"ஏன் சம்சாத், பள்ளிக்கூடம் போவலையா? ஒடம்புக்கு என்ன?"

"சோறு நொந்து போச்சுங்க."

அந்தப் பக்கம் எங்கோ போர் போடும் ரிக் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"ஆமா, அப்படித்தான் இருக்கும்."

"ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

"இருட்டோட எந்திரிச்சு ஆக்கிவெச்சுட்டு ஓடுறவகிட்ட என்னத்தச் சொல்றது?"

நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"பூனை வந்துச்சா?"

"நிக்குது. எங்கிட்ட வரமாட்டேங்குது."

"நீ நாற்காலியிலயா உக்காந்திருக்கே?"

"ஆமாங்க."

"அதான். கீழ உக்காரு. நான் தரையிலதான் இருப்பேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்தேன். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தட்டோடு வெறுந்தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அவரும் போனை வைக்கவில்லை. பூனை ஜன்னலிலிருந்து ஒரு காலை மட்டும் உள்ளே எடுத்து வைத்தது.