பத்தொன்பதாவது பெயர்

எங்கள் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பதின்மூன்று வருடமாக ஒரே தலைவர்தான் இருந்தார். அவர் என்னுடைய அப்பா, மரியநாயகம். சங்கத்துக்குக் கடிதமும் பட்டியலும் எழுதுகிறவள் நான், பிரியந்தினி. ஆகவே இந்த விஷயத்தில் யாரையாவது குறை சொல்வதென்றால் என்னிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அப்பாவை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது கரையில் ஒரு படகும் இல்லை. கடலுக்குப் போக இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அதிலும் பாதிப் பேரின் பெயரை வெட்டிவிட்டுத்தான் தருவார்கள். அப்பா தண்ணீரூற்று ஊர் வரை சைக்கிளில் போய், அங்கே பஸ் பிடித்து, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒரு அதிகாரி "நாளைக்கு வா" என்றதற்கு, சரியென்று அந்த வாசலிலேயே மறுநாள் காலை வரை பட்டினியாக இருந்தார். கூட இருந்தது செபமாலை மாமா மட்டும்தான். அப்பாவும் மாமாவும் சின்ன வயதிலிருந்து ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அந்தப் பட்டினிக்குப் பிறகுதான் எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. சங்கத்துக்குத் தேர்தல் வைத்தபோது ஊர் அப்பாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதில் என்ன வியப்பு?

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு நடக்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் செபமாலை மாமா எழும்பி, "போன முறை மாதிரியே விடுவம்" என்பார். கை தட்டுவோம். தேத்தண்ணீர் வரும். கொரோனா வருடத்தில் கூட்டமே இல்லை. மண்ணெண்ணெய் இல்லாத வருடத்தில் "இப்ப இதுக்கோ நேரம்?" என்றார் அப்பா. கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. பலமாகவே தட்டினேன்.

இதில் பகிடி என்னவென்றால், தேர்தலைப் பற்றி அப்பாவைப் போலக் கதைக்க எங்கள் கரையில் வேறு ஆள் கிடையாது. பின்னேரமானால் கதிரையைப் போட்டு உலகச் செய்தி பார்ப்பார். எந்த நாட்டிலாவது ஒரு சனாதிபதி சட்டத்தை மாற்றி இன்னொரு தடவை இருக்கப் பார்த்தால், அந்த ஆள் எதிரில் நிற்பது போலத் திட்டுவார். "கதிரையில பசை பூசிப்போட்டு இருக்கிறாங்களடி!" கொழும்பில் சனம் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்த நாளில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காசில்லை என்று சொல்லி உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளி வைத்தபோது ஒரு கிழமைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே மாதம் எங்கள் பொதுக்கூட்டமும் தள்ளிப் போனது.

அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். "இஞ்சாருங்கோ, நீங்கள் மட்டும் என்னவாம்?"

"எடி ஞானமலர், நான் என்ன நாட்டையோ ஆளுறன்?" என்று அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

போன வருடக் கூட்டத்தில் செபமாலை மாமா எழும்ப முன்னரே ரஜிதன் எழும்பினான். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"தலைவரில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஒருக்கா வாக்கெடுத்துப் பாப்பம்."

ஒருவரும் நிமிரவில்லை. அப்பா புன்னகையோடு கேட்டார். "சரி தம்பி, எனக்கு எதிரா ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் நிக்காட்டி நான் நிக்கிறன்."

மழை வரப்போகிறது என்று சொல்லி அப்பா கூட்டத்தை முடித்துவிட்டார். அன்று மழை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வலை தருவதாகச் சொன்னது. ரஜிதனின் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அள்ளிக்கொண்டு போயிருந்தன, ஒரு துண்டும் மிச்சமில்லை. அவன் பெயரைத்தான் முதலாவதாக எழுதினேன். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பட்டியலை வாசித்தார். பிறகு பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினார்.

"அப்பா, அவனுக்குத்தானே முதல் வேணும்?"

"அவனுக்கு வாக்கெடுப்பெல்லோ வேணும். அதைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டு மீன் பிடிக்கட்டும்."

நான் மிச்சப் பெயர்களைத் திருத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். ரஜிதன் கூலிக்கு வேறு ஆளின் படகில் ஏறினான். வழியில் கண்டால் அவன் வழக்கம் போலச் சிரிப்பான், நான்தான் குனிந்துகொண்டு போவேன். பெயர் வெட்டப்பட்ட சனத்துக்காகப் பட்டினி கிடந்த மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அவரைத் தடுக்காத என்மேலும் அதே எரிச்சல்தான்.

இந்த வருடம் ஒருவழியாக உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஊரெல்லாம் விரலில் மை பூசிக்கொண்டு திரிந்த அந்த நாட்களிலேயே ரஜிதன் சங்கத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டுமென்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்றொழில் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்து வாக்கெடுப்பு நடத்துவதென்று ஏற்பாடாயிற்று. அப்பா கொஞ்சமும் பதறவில்லை.

"வரட்டும். எங்கட சனம் நன்றி மறக்காது" என்றார்.

வாக்குத் துண்டுகளை நான்தான் வெட்டினேன். பிஸ்கட் பெட்டி ஒன்றின் மூடியில் துளை போட்டோம். கோயில் மண்டபத்தில் அலுமாரியைத் திருப்பி வைத்து, அதன் பின்னால் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அம்மாவும் கருவாடு போடுகிற மற்றப் பெண்களும் உறுப்பினர்கள், அவர்களும் வந்திருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொன்பது பேர். என் முறை வந்தது. மேலே மரியநாயகம், கீழே ரஜிதன். அப்பா இருமுவது அலுமாரிக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் கீழே புள்ளடி போட்டேன்.

ரஜிதன் முப்பத்தொன்று. மரியநாயகம் பதினெட்டு.

யாரும் கை தட்டவில்லை. ரஜிதன் வந்து அப்பாவின் கையைப் பிடித்தான். "கோவிக்காதையுங்கோ ஐயா."

அப்பா இடுப்பிலிருந்த சங்கத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். "பூட்டுக் கொஞ்சம் இறுக்கம் தம்பி. கதவை ஒருக்காத் தூக்கிப் பிடிச்சுத் திறக்கவேணும்."

தோற்ற பிறகும் மாளிகையை விட்டு அசைய மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பெரிய மனிதர்களையெல்லாம் செய்தியில் பார்த்திருக்கிறேன். என் அப்பா அவர்களை விடத் திறமான ஆள். அதை நினைக்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கதிரையில் இருந்தார். தனக்கே போடுவதாகச் சொன்னவர்களை விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். "நான், ஞானமலர், பிள்ளை, செபமாலை..." ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போய்ப் பத்தொன்பதில் நின்றார். மறுபடி எண்ணினார். மறுபடியும் பத்தொன்பது.

"விடுங்கோவன். வந்து சாப்பிடுங்கோ" என்றார் அம்மா.

"தோத்தது பரவாயில்லையடி. மற்ற முப்பது பேரும் எனக்குப் போடாயினம் எண்டு கடைசியில எனக்கே தெரிஞ்சிட்டுது. ஆனா இந்தப் பத்தொன்பதில ஒரு ஆள் என்ர முகத்துக்கு நேர பொய் சொல்லியிருக்கு."

நான் குசினி வாசலில் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். அப்பா மூன்றாவது முறை எண்ணினார். நான்காவது விரலில் நிறுத்தினார்.

"செபமாலை" என்றார்.

செபமாலை மாமா தினமும் காலையில் எங்கள் வீட்டில்தான் தேத்தண்ணீர் குடிப்பார். மறுநாள் அவருடைய குரல் கேட்டதும் அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சமாளித்தார். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மாமா உள்ளே வரவில்லை, படலையில் நின்றே என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கொப்பருக்கு என்னில என்ன கோவம்? நான் கொப்பருக்குத்தான் போட்டனான். அந்தோனியாராணைச் சொல்லுறன், அவனுக்குத்தான் போட்டனான்."

எழுபது வயது மனிதர், ஒரு புள்ளடிக்காக என்னிடம் சத்தியம் செய்துகொண்டு நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாக்கு இரகசியம், யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்றுதான் அதிகாரி எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். அது சரிதான். ஆனால் அந்த இரகசியத்துக்கான தண்டனையை இந்த மனிதர் ஏன் அனுபவிக்க வேண்டும்?

அறைக்குள் போனேன். அப்பா கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்பா, அது மாமா இல்லை. நான்தான் உங்களுக்குப் போடேல்லை."

அப்பா திரும்பவில்லை.

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"ரஜிதன்ர பேரை வெட்டின அண்டைக்கு உன்ர முகத்தைப் பாத்தனான். முதல் தரம் எண்ணேக்கையே தெரியும்."

"பிறகேன் அந்த மனுசனைப் போட்டு இப்பிடி வதைக்கிறியள்?"

அவர் சுவரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"உன்னோட கோவிச்சிட்டு நான் எங்கை போறது? அவனெண்டாத் தாங்குவான் எண்டு நினைச்சன்."

நான் படலைக்கு ஓடினேன். மாமா போய்விட்டிருந்தார்.