'ஸ்டில்' இருந்த இடத்தில் 'யெட்'

ஓரகத்திக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. வாடிக்கையாளர்களுக்குப் போகும் இங்கிலீஷ் மெயில்களைப் பல வருஷமாக எழுதிவந்தவள் அவள். தம்பி பெண்டாட்டி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று கணவர் நச்சரித்ததால் சிபாரிசு செய்தாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே சின்னவளின் மெயில் ஒன்றை மேனேஜர் எல்லோருக்கும் காட்டி மெச்சினார். மூத்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவள் எழுதிய எதையும் அவர் யாருக்கும் காட்டியதில்லை. வீட்டுக்குப் போனால் கணவரும், "அவ நல்லா எழுதுறாளாமே" என்றார். கையிலிருந்த பாத்திரம் டங்கென்று மேடையில் இறங்கியது.

ஒரே ஒரு அதிகாரம்தான் மிச்சம். சின்னவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு அனுப்புவது மூத்தவள். அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மெயில் போகவேண்டும். உதிரிபாகம் இன்னும் வரவில்லை என்று சொல்ல, 'ஹாஸ் நாட்'டுக்கு முன்னால் 'ஸ்டில்' போட்டிருந்தாள் சின்னவள். 'இல்லை' என்று வரும் வாக்கியத்தில் 'இன்னும்' என்பதற்கு 'யெட்'தான் என்பது மூத்தவளின் நினைப்பு. மாட்டிக்கொண்டாள் என்ற குஷியில் 'ஸ்டில்'லை அழித்து, அதே இடத்தில் 'யெட்'டை வைத்து அனுப்பினாள். மேனேஜர் காதில் போட நல்ல சமயம் பார்த்திருந்தாள்.

மறுநாள் மேனேஜரே வெளியே வந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதில் போட்டிருந்தாராம். 'யெட்' வாக்கியத்தின் கடைசியில் வரவேண்டும், அந்த இடத்துக்கு 'ஸ்டில்'தான் பொருந்தும், லிஃப்டையாவது ஒழுங்காகப் பாருங்கள் என்று. மெயிலின் அடியில் சின்னவளின் பெயர்தான் இருந்தது.

சின்னவள் திரையைப் பார்த்தாள். மாற்றியது யாரென்று புரிந்திருக்கும். மூத்தவள் பக்கம் திரும்பாமலே, "தப்புதான் சார். இனிமே கவனமா இருக்கேன்" என்றாள்.

மூத்தவளுக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. பக்கத்து மேஜைக்காரர் சின்னவளைத் தேற்றியதும் வயிறு எரிந்தது. இங்கிலீஷும் அவளுக்கு, பாராட்டும் அவளுக்கு, இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கேவா?

"அவ சரியாத்தான் எழுதியிருந்தா சார். மாத்தினது நான்."

இனி இருவரில் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்த்த பிறகே அனுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

மதியம் சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிட்டேனே."

"அதனாலதான் சொன்னேன்."

சின்னவளுக்கு விளங்கவில்லை. மூத்தவள் தான் எழுதிய மெயிலைத் திறந்து, அரை மனசோடு திரையை அவள் பக்கம் திருப்பினாள். சின்னவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்த 'ஆல்ரெடி' இங்க வேணுமா?"

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழித்தாள்.