இடது ஓரத்துப் புல்

தெரணியகலைக்கு மேலே ஹெதர்லி தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் நம்பர் மலையின் ஓரத்துப் புல் 2003 ஆகஸ்ட் முதல் 2018 ஏப்ரல் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தானாக மிதிபட்டது. பொழுது சாயும் நேரத்தில் தொடங்கும். முக்கால் மணி நேரம் மேல்கரையில் யாரோ குதிகால் தெறிக்க ஓடித் திரும்புகிற மாதிரி புல் மடங்கும். கால் மணி நேரம் ஓயும். பிறகு கீழ்க்கரையில் இன்னொரு முக்கால் மணி. ஜூனிலும் ஜூலையிலும் லீவு. கணக்கப்பிள்ளை காட்டுப்பன்றி என்றார். லீவு எடுக்கிற பன்றி எந்த ஊரில் இருக்கிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை. தோட்டத்துத் துரை கம்பி வேலி போட்டார். வேலி நேராக நின்றது, புல் படுத்தது. அதன்பின் கொழுந்து எடுக்கிற பெண்கள் அந்த ஓரத்தைக் குறுக்குப் பாதையாக வைத்துக்கொண்டார்கள்.

ஓடுவது யார் என்று முதல் நாளே தெரிந்தவள் மெட்டில்டா. புருஷன் மரம் விழுந்து செத்த 1985ஆம் வருஷம், இருபத்தெட்டு நாள் பிள்ளை ஜூலியஸை ஒரு தரகுக்காரியிடம் கொடுத்திருந்தாள். ஆறு மாதம் கொழும்பில் வளர்த்துத் தருவதாகத்தான் பேச்சு. பிள்ளை கடல் தாண்டிப் போய்விட்டது என்பது பிறகுதான் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் உட்கார இருப்புக்கொள்ளாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பாள். விறகோடு திரும்பிய அவள் கண்முன்னால் முதன்முதலாகப் புல் மடங்கிய அன்று, பதினெட்டு வருஷமாக வற்றிக் கிடந்த பால் சுரந்து சட்டையை நனைத்தது. வேறு சாட்சி எதற்கு? அடுத்த ஞாயிறு, நடுவில் ஓய்ந்த கால் மணி நேரத்தில், பாலில்லாத பிளேன்டீ கொண்டுபோய் வைத்தாள். அவசரத்தில், அட்டைக்கடிக்குத் தேய்க்க வைத்திருந்த உப்பைச் சீனி என்று அள்ளிப் போட்டிருந்தாள். கோப்பை காலியானது. பதறிப்போய் மறுவாரம் சீனி போட்டாள். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. மூன்றாம் வாரம் முதல் உப்புதான்.

நெதர்லாந்தில் அவன் பெயர் மார்ட்டன் டெக்கர். மைதானத்தின் இடது ஓரத்தில் பந்தோடு பறக்கிற கால்பந்து விளையாட்டுக்காரன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுகிற ஆட்டம் என்பதால் இங்கே கரையும் மாறியது. மெட்டில்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. புல்லைப் பார்த்துத்தான் பிள்ளையின் சுகதுக்கம் படித்தாள். ஒரு வருஷம் முழுக்கக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் புல் மடங்கியது. பிள்ளை நோயாகிவிட்டான் என்று மாதாவுக்கு நேர்ச்சை வைத்தாள். உண்மையில் புதிதாக வந்த பயிற்சியாளர் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

2018 ஏப்ரலில் மேல்கரையில், பாதி ஓட்டத்தில், ஓர் ஆள் விழுந்த அளவுக்குப் புல் அமுங்கியது. அதன்பின் அசைவில்லை. ஐந்து வருஷம் கோப்பை நிறைந்தபடியே திரும்பி வந்தது. ஆத்துமாவுக்கு ஒரு பூசை கொடுத்துவிடு என்று தொழிலாளர் லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அக்காள் மகள் சர்மிளா, ஜூலியஸின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கோவிலுக்கே கிளம்பிவிட்டாள். மெட்டில்டா வாசலில் மறித்து, "விழுந்தவன் எந்திரிக்க நேரமாகும்டி. ஒனக்கு என்ன அவசரம்?" என்று துண்டைக் கிழித்துப் போட்டாள். எல்லாம் வீறாப்புதான். வீட்டுக்கு வந்து அழுதாள், அதுவும் நின்றுகொண்டே.

போனது உயிரல்ல, இடது முழங்கால். ஓட்டம் நின்றவனுக்கு எந்த வேலையும் இரண்டு மாதம் தாங்கவில்லை. இடைவேளைதோறும் வாயில் ஊறிய உப்புத் தேத்தண்ணியின் ருசி மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. 2023இல் விமானம் ஏறி வந்தான். தத்துப் பத்திரத்தில் தாய் என்று எழுதியிருந்த இரத்தினபுரிப் பெண், தான் வெறும் கையெழுத்துப் போட்டவள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஊர் ஊராக, கடை கடையாகப் பிளேன்டீ குடித்து உப்பைத் தேடினான். தெரணியகலை த்ரீவீல்காரர் நிஸார் அவன் கேட்டதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "உப்புப் போட்டா? ஹெதர்லியில ஒரு அம்மா போடும். அதும் புல்லுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவனை ஏற்றிக்கொண்டார்.

அன்று ஞாயிறு. மேல்கரையில் கோப்பையோடு நின்றாள் மெட்டில்டா. நொண்டிக்கொண்டு வந்தவன் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். குடித்து முடித்து, குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் முகத்தை விடக் காலிக் கோப்பையைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

"ஏன்யா, பாதியில நின்னுட்டே?" என்றாள்.

நிஸார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அவன் முழங்காலைக் காட்டினான். மெட்டில்டா அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே புல்லில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பார்த்திராத, கூட வந்திருந்த சர்மிளா, ஆள் மயங்கி விழுகிறாள் என்று தண்ணீர் எடுக்க ஓடினாள்.

மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனான். அங்கே அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். மெட்டில்டா இனித் தாங்கமாட்டாள் என்று லயமே பயந்தது. மறு ஞாயிறு பொழுது சாயும்போது மேல்கரையில் புல் மடங்கியது. இப்போது ஓட்டமில்லை, நடைதான். இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. மெட்டில்டாவுக்கும் அறுபது தாண்டிவிட்டது. பக்கத்திலேயே நடந்துபோக அந்த வேகம் அவளுக்குத் தோதாக இருக்கிறது.