இரண்டாகப் பிரியும் பலகை

பெங்களூரு ஹெப்பகோடியில் தங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் நிருபமாவும் அவள் தோழி ரக்ஷாவும் ஸ்ப்ளிட்போர்டைப் பிரித்துப் பூட்டிப் பழகினார்கள். பனியில் சறுக்கும் பலகைதான் அது. நெடுக்கே இரண்டாகப் பிரித்துக் காலில் மாட்டினால் மலை ஏறலாம். உச்சியில் ஒன்றாகப் பூட்டினால் சறுக்கி இறங்கலாம்.

துணி காயப்போட வந்த வீட்டுக்கார லட்சுமம்மா நின்று பார்த்தார். "என்னம்மா, இஸ்திரி பலகையா?"

"இல்ல ஆன்ட்டி, இதுமேல நின்னு பனிமலையில இருந்து இறங்கப் போறோம்."

"அய்யோ தேவ்ரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் லட்சுமம்மா.

இரண்டு குளிர்காலம் காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்கக் கற்றிருந்தார்கள். அப்போதெல்லாம் மேலே கொண்டுபோய்விட ரோப்கார் இருந்தது. இந்தப் பிப்ரவரியில் அங்கேயே சொந்தக் காலில் ஏறினார்கள். பலகையின் அடியில் ஒட்டிய ரோமப்பட்டை பனியைக் கவ்விப் பிடித்தது. வழிகாட்டி பஷீர் முன்னால் போனார். பனிச்சரிவு ஆபத்தில்லாத பக்கமாகப் பார்த்து அழைத்துப் போனார்.

"இனிமே ஆபீஸ் லிஃப்ட்டைத் திட்டவே மாட்டேன்டி" என்று ரக்ஷா மூச்சு வாங்கினாள்.

உச்சியில் ரக்ஷாவின் பலகை உடனே பூட்டிக்கொண்டது. நிருபமாவின் கொக்கி மட்டும் நகரவில்லை. இடுக்கில் பனி இறுகிக் கல்லாகியிருந்தது. மேற்கே மேகம் திரண்டது. பஷீர் வானத்தைப் பார்த்தார்.

"பிரிச்சபடியே இறங்கிடலாமாடி?" என்று ரக்ஷா கேட்டாள்.

"இவ்ளோ தூரம் ஏறி வந்துட்டு அப்படியே இறங்கறதா? சும்மா இரு."

நிருபமா கையுறையைக் கழற்றினாள். சட்டைப்பையில் வீட்டுச் சாவி தட்டுப்பட்டது. அதன் முனையால் சுரண்டினாள். விரல்கள் மரத்தன. ஊதினாள், மறுபடி சுரண்டினாள். பனித்துண்டு தெறித்து விழ, கொக்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"ஆயிடுச்சு!"

பஷீர் முதலில் இறங்கி, கீழிருந்து கை காட்டினார். நிருபமா பலகையைச் சரிவுக்குத் திருப்பினாள். யாருடைய தடமும் இல்லாத வெள்ளை. முதல் வளைவில் தூள்பனி மார்புவரை எழும்பியது. இரண்டாவதில் பயம் போய்விட்டது. மூன்றாவதில் தன்னை அறியாமல் கத்தினாள். நடுவழியில் தலைகுப்புற விழுந்தாள், வாயெல்லாம் பனி. துப்பிவிட்டுச் சிரித்தபடி எழுந்து மீண்டும் பாய்ந்தாள்.

கீழே வந்து நின்றாள். ரக்ஷா பின்னாலேயே வந்து அவள்மேல் மோத, இருவரும் பனியில் உருண்டார்கள். மேகம் இன்னும் தொலைவிலேயே இருந்தது.

"பஷீர் பாய், இன்னொரு தடவை?"

அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சரியென்று தலையசைத்தார். நிருபமா அதற்குள் பலகையைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள்.