ஒரு போத்தல் செம்பாட்டு மண்

முத்துக்குமாரு தன் தமையனின் நற்குணங்களில் ஏழாவதைக் கையில் எடுத்திருந்த சமயம், படலையில் ஒரு லொறி வந்து நின்றது.

ஏழாவது குணம் எளிமை. “ஆடம்பரம் என்னும் சொல்லையே அறியாதவர் என் அண்ணர்! வெளிநாட்டுப் பொருளொன்றை விரல் நுனியாலும் தீண்டாதவர்!” என்று ஒலிபெருக்கி உரும்பிராய்க்கும், காற்று அந்தப் பக்கம் அடித்ததால் கோப்பாய்க்கும் சேர்த்து அறிவித்தது. பந்தலுக்குள் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகள் அப்படியே திரும்பின. இடுப்பளவு உயரமான கடதாசிப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு லொறிக்காரன் நடுப்பந்தலுக்கு வந்துவிட்டான். பெட்டியின் நாலு பக்கமும் ஆங்கிலம். ஒரு பக்கத்தில் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி, உலகத்தில் கவலையே இல்லை என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சோமசேகரம் ஐயா ஆர்? ஒப்பம் வைக்க வேணும்.”

யாரோ பிரேதப் பெட்டியைக் காட்டினார்கள். லொறிக்காரன் எட்டிப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான். ஆனாலும் ரசீதை மடிக்கவில்லை.

“அப்ப… ஆர் வைக்கிறது?”

“இஞ்சை கொண்டு வாரும், தம்பி” என்றாள் தலைமாட்டில் இருந்த கனகாம்பிகை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு ஒப்பம் வைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த சாமான் ஒன்றுக்கு அவள் ஒப்பம் வைத்தது அதுதான் முதல் தடவை. பெட்டி அறைக்குள் போய் நின்றது. முத்துக்குமாரு தொண்டையைச் செருமிக்கொண்டு, எளிமையைப் பாதியில் விட்டுவிட்டு, எட்டாவது குணத்துக்குத் தாவினார்.

ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்று கனகாம்பிகை நினைத்தாள். இரண்டு வருசம் தேடிய மனிசன்.

அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட புதிது அது. இரண்டு வருசத்துக்கு முன் பாணுக்கு வரிசையில் நின்ற சனம் இப்போது றேடியோவுக்கும் மின்விசிறிக்கும் வரிசையில் நின்றது. சோமசேகரம் வரிசையில் நிற்கிறவர் அல்ல. கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஒரு பென்சில் வாங்கியதில்லை. கலியாணத்துக்கும் மூன்று சாதகம் பார்த்தவர். தான் மூன்றாவது என்பது கனகாம்பிகைக்குத் தெரியும்.

உரும்பிராய் செம்பாட்டு மண் ஊர். காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்பி வரும். மத்தியானம் கூட்டினால் பின்னேரம் வரும். சுவருக்கும் வேட்டிக்கும் சோற்றுக்கும் ஒரே நிறம். அவளுக்கோ தொய்வு. கூட்டி முடித்தால் அரை மணித்தியாலம் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுக்க வேண்டும். அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஒருநாள் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, முதற்பக்கத்தில் ‘வக்கூம் கிளீனர்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிறகு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. கிழமைக்கொரு தடவை சைக்கிளில் போய் இறங்குவார். காற்சட்டைப் பையில் ஒரு சிறிய போத்தல். அதற்குள் வீட்டு முற்றத்துச் செம்பாட்டு மண். கடையின் பளபளப்பான நிலத்தில் அதைக் கொட்டிவிட்டு, “இப்ப மெசினைப் போட்டுக் காட்டும்” என்பார். ஒரு கடைக்காரன் அவர் தலைக்கறுப்பைக் கண்டதும் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கதவைச் சாத்தினான். அப்போது நேரம் காலை ஒன்பதரை.

இன்னொருவன், “ஐயா, இதைப் பாருங்கோ, எத்தினை குதிரைவலு!” என்றான்.

“தம்பி, நான் குதிரை வாங்க வரேல்லை.”

வீட்டுக்கு வந்து அவளுக்கு விளங்கப்படுத்துவார். “இஞ்சாரும், சத்தத்தைப் பாத்து வாங்கப்படாது. ஊதுறது வேறை, இழுக்கிறது வேறை. எங்கடை முத்துக்குமாருவைப் பாருமன்.” பிளக்கிலிருந்து வீட்டின் கடைசி மூலைவரை கயிறு பிடித்து அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். வயர் அதற்கு ஒரு சாண் கட்டை என்றால் மெசின் எவ்வளவு திறமானதென்றாலும் வேண்டாம். கடதாசிப் பை போடுகிற மெசின்கள் விலை குறைவு. அவற்றையும் வெட்டினார். “நிறைஞ்சால் பையை எறிஞ்சு போட்டுப் புதுசு வாங்க வேணுமாம். எறியிறதை என்னத்துக்குக் காசு குடுத்து வாங்குவான்?” கடைசியில், தடியோடு நிமிர்ந்து நிற்கிற, துணிப்பை வெளியே தொங்குகிற, பழைய மாதிரியான ஒன்று தேறியது. கையிலிருந்த காசுக்குள் அடங்கியது. கொப்பியில் எழுதினார்: ‘பைத் துணி நெருக்க நெசவு. மெல்லிய மல் ஆகாது. தடித்த ட்றில் உத்தமம்.’

லொறி நேற்றைக்கு வருவதாகத்தான் இருந்தது. விடியவே சாய்மனைக் கதிரையைப் படலை தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பரோடு சாய்ந்தார். அவள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“காலைத் தூக்குங்கோ.”

தினமும் சொல்வதுதான். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்குவார். அவள் கடந்ததும் இறக்குவார். வீட்டு வேலையில் அவருடைய பங்கு அவ்வளவுதான். முப்பத்துநாலு வருசத்தில் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நேற்றுத் தூக்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தபோது தும்புத்தடி கையிலிருந்து விழுந்தது.

பந்தலில் தேவாரம் படிக்கத் தொடங்கியதும் முத்துக்குமாரு மைக்கை விட்டு இறங்கி அவளருகே குனிந்தார். இளைப்பாறிய தலைமை ஆசிரியர், சமாதான நீதவான். குனிவது அவருக்குப் பழக்கமில்லை.

“அண்ணி, உந்தப் பெட்டி இனி உங்களுக்கு என்னத்துக்கு? தனிச் சீவன். எங்கடை வீட்டிலை வைப்பம். மேல்வீடும் கிடக்கு, விரிப்பும் கிடக்கு. எட்டாம் நாள் செலவு முடிய நான் கார் கொண்டு வாறன்.”

கனகாம்பிகை ஓவென்று அழுதாள். அதைக் கேட்டு மற்றப் பெண்களும் அழுதார்கள். முத்துக்குமாரு மேலும் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

மூன்று மணிக்குப் பிரேதம் வெளிக்கிட்டது. ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும். பிரேதம் கிடக்கையில் கூட்டக்கூடாது என்பதால் இரண்டு நாள் மண் நிலத்தில் சிவப்பாகப் படிந்திருந்தது. அதன்மேல் பொரி, பூவிதழ், சுருட்டுச் சாம்பல், உரும்பிராயில் உள்ள அத்தனை பேருடைய பாதத் தடங்கள். அடுத்த வீட்டுத் தங்கமுத்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தும்புத்தடியை எடுத்தாள்.

“தங்கமுத்து, அதை வை. அந்தப் பெட்டியை உடை.”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவருடைய தமக்கை இரத்தினம்மா மூக்கில் விரலை வைத்தாள். வழமை தெரிந்த மனுசி. ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் எது எப்படி என்று அவளைத்தான் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததை அந்த இடத்திலேயே உண்டாக்குவாள்.

“உனக்கென்ன விசரே, பிள்ளை? அவன்ரை பாடை இன்னும் சந்தி தாண்டேல்லை.”

“அவர் தேடிப் பிடிச்சது, மச்சாள். அவர் போன வீட்டை அது கூட்டட்டும்.”

புழங்கிய சாமானை ஒருத்தரும் புதுசென்று சொல்லித் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதை அவள் சொல்லவில்லை. இரத்தினம்மா மறுப்பதற்கு ஒரு வழமையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் தங்கமுத்து வெள்ளைக்காரியை நடுவால் கிழித்துவிட்டாள்.

கனகாம்பிகை மூலையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, தங்கமுத்து செய்தாள். மெசினைக் கனகாம்பிகை அன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் இரண்டு வருசமாகக் காதால் கேட்டிருந்தாள். “சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் பிளக்கைச் செருகு. வயரிலை மிதியாதை. தள்ளேக்கை மெல்லத் தள்ளு, இழுக்கேக்கைதான் அது எடுக்கும்.”

மெசின் உறுமியது. தொங்கிக்கொண்டிருந்த பை உப்பி நிமிர்ந்தது. “ஐயோ, என்ரை முருகா!” என்று இரத்தினம்மா எழுபது வயதை மறந்து சுவரோர மர வாங்கின்மேல் ஏறினாள். தங்கமுத்து தள்ளிய வழியெல்லாம் சீமெந்து நிலம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அந்த நிலத்துக்கு அப்படியொரு நிறம் இருப்பதைக் கனகாம்பிகையே மறந்திருந்தாள். பொரி போனது, பூப் போனது, சுருட்டுச் சாம்பல் போனது. தூசி எழும்பவில்லை. ஒருத்தியும் தும்மவில்லை. இரத்தினம்மா வாங்கிலிருந்து இறங்கினாள்.

“எங்கை, தா பாப்பம்” என்று வாங்கி, மண்டபத்தை இரண்டு தரம் சுற்றிவந்தாள். முகத்தில் ஒரு பிரகாசம். சுவிச்சை அணைத்த பிறகுதான் அவளுக்குத் தன் பொறுப்பு நினைவுக்கு வந்தது.

“அதெல்லாம் சரி. பிரேதம் போன வீட்டைக் கூட்டின தும்புத்தடியைப் படலைக்கு வெளியிலை எறிஞ்சுபோட வேணும். அது எங்கடை வழமை.”

“இது தும்புத்தடியே, மாமி?” என்றாள் தங்கமுத்து.

இரத்தினம்மா மெசினைச் சாய்த்துக் காட்டினாள். “தடி இருக்கோ?”

“ஓம்.”

“அடியிலை தும்பு இருக்கோ?”

உருளையில் வரிசையாகத் தும்பு இருந்தது.

“கூட்டினதோ, இல்லையோ?”

கனகாம்பிகைக்கு மூச்சு முட்டியது. இந்தத் தடவை தூசியால் அல்ல. கொழுந்தனிடமிருந்து மெசினைக் காப்பாற்றப் போய், அதைப் படலைக்கு வெளியே எறிய வழி செய்துவிட்டாள்.

ஆண்கள் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு திரும்பியபோது மெசின் நடு மண்டபத்தில் நின்றது. செய்தியைக் கேட்டதும் முத்துக்குமாருவின் முகத்தில் ஆழ்ந்த துயரம் படர்ந்தது.

“வழமை எண்டால் வழமைதான். முன்னோர் காரணமில்லாமல் ஒண்டும் சொல்லேல்லை. வெளியிலை வைப்பம், அண்ணி. அநாதையாய்க் கிடக்கவும் விடப்படாது, அண்ணர் ஆசைப்பட்ட பொருள். நான் கொண்டு போய் எங்கடை மேல்வீட்டிலை ஒரு மூலையிலை விட்டிடுறன்.”

“உன்ரை வீட்டுக்குத் தீட்டில்லையோடா?” என்றாள் இரத்தினம்மா.

“படிச்ச மனிசர் உதுகளை நம்புறேல்லை, அக்கா.”

தங்கமுத்து மேலே பார்த்தாள். இரத்தினம்மா தம்பியை மட்டும் பார்த்தாள். அறுபது வருசத்துக்கு முன் தன் பங்கு மாம்பழத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டு நின்றவனை அப்படித்தான் பார்த்திருப்பாள்.

கனகாம்பிகை எழும்பினாள். வழமைப்படி அன்றைக்கு அவள் எழும்பவே கூடாது. மெசினிடம் போய், கொளுக்கியோடு சேர்த்துப் பையைக் கழற்றினாள். பை கனத்தது.

“மச்சாள், தும்புத்தடி குப்பையைத் தள்ளும். வைச்சிருக்காது. இதிலை குப்பை முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்கு. எறியிறதெண்டால் எது எறிய வேணும்?”

இரத்தினம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். மெசினைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிய இரண்டு சுற்றையும் நினைத்தாளோ என்னவோ.

“பையைத்தான்” என்றாள். “தும்பை மஞ்சள்தண்ணியாலை கழுவினால் காணும். அதுதான் வழமை.”

அந்த வழமை பிறந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் சொன்ன தோரணையில் அதற்கு ஆயிரம் வருசமாகிவிட்டது.

“இந்தா முத்துக்குமாரு, தீட்டை நம்பாதவன் நீதான். கொண்டுபோ.”

பந்தலில் அத்தனை பேரும் பார்த்திருக்க, சமாதான நீதவான் ஒரு பை குப்பையை ஈரவேட்டியில் முட்டாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு படலைவரை நடந்தார். திரும்பி வந்து சொன்னார்:

“பை இல்லாமல் உது ஓடாது, அண்ணி. இனி வெறும் இரும்பு.”

அவர் சொன்னது சரிதான். கடையில் விசாரித்தபோது, பை கொழும்பிலும் இல்லை, சீமையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். முத்துக்குமாரு அதற்குப் பிறகு காரைப் பற்றிக் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அண்ணரின் புகழ் சொல்லும் கல்வெட்டுப் புத்தகம் அடித்து வழங்கினார். எளிமை அதில் ஏழாம் பக்கத்தில் இருந்தது, முழுமையாக.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை கனகாம்பிகை சோமசேகரத்தின் றங்குப் பெட்டியைத் திறந்தாள். கந்தோருக்குப் போட்ட வெள்ளை ட்றில் காற்சட்டைகள் நாலு, மடிப்புக் கலையாமல் இருந்தன. கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசித்தாள். ட்றில் உத்தமம். ஒன்றை எடுத்து, ஒரு காலை மட்டும் இடுப்போடு வெட்டினாள். கணுக்கால் பக்கத்தை இரட்டைத் தையல் போட்டு மூடினாள். தொடைப் பக்கத்தைச் சுருக்கி மெசினின் வாயில் வைத்து, அவர் முடிச்சுப் போட்டு அளந்த கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினாள். தொங்கவிடக் கொளுக்கி இல்லை. துணி நிலத்தில் சரிந்து கிடந்தது.

மேசை லாச்சியில் அந்தப் போத்தல் இருந்தது. அரைவாசி மண் மிச்சம். அதைக் கொண்டுபோய்ச் சாய்மனைக் கதிரையின் முன்னால், கால் வைக்கும் இடத்தில் கொட்டினாள்.

சுவிச்சைப் போட்டாள்.

காற்சட்டைக் கால் மெல்ல நிரம்பியது. வருசக்கணக்காகக் கதிரையில் இருந்து தேய்ந்த முழங்கால் முன்னுக்குத் தள்ளியது. பிறகு நிலத்தை விட்டு உயர்ந்து, அப்படியே நின்றது.

கனகாம்பிகை அதற்குக் கீழால் கூட்டினாள்.