மாமன் மடி

இந்த இருமலை எனக்குத் தெரியும். என் மூத்தவள் ரோகிணியைத் தூக்கிக் கொஞ்சிய சொந்தக்காரரும் இப்படித்தான் இருமினார். அன்று நான் வாய் திறக்கவில்லை.

இப்படி நினைத்தபடி முனீஸ்வரி இடுப்பிலிருந்த இளையவள் பவதாரிணியை இறுக்கிக்கொண்டாள். உசிலம்பட்டி மண்டபத்தில் காதுகுத்து மேளம் நின்றிருந்தது. சீர்த்தட்டுகளோடு மேடையேறிய அவள் அண்ணன் ஜெயபாண்டி, ஆசாரிக்கு எதிரே சம்மணமிட்டு மடியில் துண்டை விரித்தான். கண்கள் சிவந்திருந்தன; இருமியது அவன்தான்.

இரண்டு வயதுப் பவதாரிணிக்கு அடிக்கடி மூச்சிரைக்கும். இவளுக்குச் சளிக்காய்ச்சலே ஆபத்து, ஃப்ளூ ஊசி போடுங்கள், வீட்டிலிருப்பவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், காய்ச்சல்காரர்களிடம் விடாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். "ஊசி போட்டா காச்ச வரும். விசேசம் முடியட்டும்" என்று கணவன் முத்துக்குமரன் தள்ளிப்போட்டான்.

"அண்ணே, ஒனக்குக் காச்ச அடிக்குது."

"மாத்திர போட்டுட்டேன்த்தா. அதுக்காக மாமன் வராம இருக்க முடியுமா?"

அவள் கைப்பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

நாத்தனார் செல்லத்தாய் சிரித்தாள். "நல்லாருக்குடி! மாமன் மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்தா, போட்டோவுல ஆரோ கம்பவுண்டருன்னுல்ல நெனைப்பாக!"

மேடையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஜெயபாண்டி மாஸ்க்கை வாங்கவில்லை. மறுபடி இருமினான்.

முத்துக்குமரன் அவள் காதருகே குனிந்தான். "ஊரே பாக்குது. பிள்ளையக் குடு. மச்சான் மடியில வைக்காமக் காது குத்துனா அவரு மூஞ்சில துப்புன மாதிரி."

ரோகிணிக்கும் இதே மூச்சிரைப்பு. மூன்று நாள் காய்ச்சலில் போனாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: பெத்தவ என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தா? அன்று அந்தச் சின்ன உடம்பைக் குழிக்குள் இறக்கியவன் இந்த அண்ணன்தான். வீடு திரும்பி, சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அன்பில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"என் மடி ஆகாதா ஒனக்கு?" ஜெயபாண்டியின் குரல் உடைந்தது. இரு கைகளையும் நீட்டினான்.

முனீஸ்வரி மேடையை விட்டு இறங்கினாள். ஜன்னலோரம், காற்று வரும் இடத்தில், தரையில் அமர்ந்து பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆசாரி, இங்கன வந்து குத்துங்க."

ஆசாரி ஆண்களைப் பார்த்தார். "பெத்தவ மடியில வச்சுக் குத்துற முறை இல்லையேத்தா."

"எந்திரி, முனீசு" என்றான் முத்துக்குமரன்.

அவள் பிள்ளையின் முதுகில் கையை வைத்தாள். மூச்சு சீராக வந்துபோனது.

"இருக்கட்டும்" என்றாள். எழவில்லை.